புரொஜெக்டருக்கு எடுத்த ஆரத்தி

பேசும் படத்தில் சத்தம் இருக்கும் இடம் பலருக்குத் தெரியாது. படச்சுருளின் ஓரத்தில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு கோடு ஓடும். சின்ன விளக்கு ஒன்று அந்தக் கோட்டின் வழியாக வெளிச்சத்தை அனுப்பும். கோடு நகர நகர வெளிச்சம் கூடும், குறையும். எதிர்ப்பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதன் உள்சுவரில் பூசியிருக்கும் உலோகத்தில் வெளிச்சம் பட்டால் எலெக்ட்ரான்கள் கிளம்பும். அந்த மின்சாரத்தைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் கதாநாயகி பாடுவாள்.

குமிழுக்குப் போட்டோசெல் என்று பெயர். எங்கள் ஆபரேட்டர் அதைக் கண்ணு என்பார். காது செய்கிற வேலைக்குக் கண் என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டேன்.

"வெளிச்சத்தைப் பாக்குறது கண்ணுதானே, தங்கச்சி. பாத்துட்டு வாய்க்குச் சொல்லுது, வாய் பேசுது. காது படம் பாக்க வந்தவங்க கொண்டு வரணும்."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கல்லூரியில் கேட்டதில்லை.

கல்லூரி சிங்கப்பூரில் இருந்தது. நான் இரண்டு வருஷம் பௌதிகம் படித்த பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள், கல்லூரி மூடியது. ஈப்போவுக்குத் திரும்பியபோது என்னிடம் இருந்தவை இரண்டு சேலை, ஒரு ஸ்லைடு ரூல், ஒரு பரிசோதனைக் குறிப்பேடு. அப்பாவுக்கு ரயில்வே சிக்னலில் வேலை, வீடு புந்தோங்கில். வேலை அட்டை உள்ளவர்களுக்கு அரிசிப் பங்கு அதிகம் என்பதால் எனக்கும் ஒரு வேலை தேவைப்பட்டது. அதே சமயம் டவுனில் ஒரு தியேட்டர் மேனேஜருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. சத்தக் கருவியைப் பழுது பார்க்க வரும் இஞ்சினியர் கப்பல் ஏறிவிட்டார், அந்தக் கப்பல் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவர் விட்டுப்போன புத்தகம் மட்டும் இருந்தது.

மேனேஜர் செட்டிநாட்டுக்காரர். என்னைவிட முப்பது வயது மூத்தவர், ஆனாலும் என்னை "ஆச்சி" என்றுதான் கூப்பிடுவார். புத்தகத்தை என் கையில் கொடுத்து, "இதை வாசிச்சு மெஷினுக்குச் சொல்லுங்க ஆச்சி, அதுக்கு நம்ம தமிழ் வெளங்க மாட்டேங்குது" என்றார். அதுதான் நேர்முகத் தேர்வு.

ஆபரேட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர்களின் மகன். தோட்டத்துக்குப் படம் காட்ட வந்த வண்டியின் பின்னாலேயே வந்து, தொழில் கற்று, ஈப்போவிலேயே தங்கிவிட்டார். ஆனால் அவர் பெயர் தோட்டத்துப் பதிவிலேயே இருந்தது. சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் எடுத்தபோது அந்தப் பதிவை வைத்துத்தான் எடுத்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது உள்ளங்கை அளவு அட்டை ஒன்று. இந்த ஆள் பிரச்சாரப் படம் காட்டும் வேலைக்கு அவசியம் என்று அதில் எழுதியிருந்தது. மாதத்துக்கு ஒரு முறை ஜப்பானிய அதிகாரி ஒருவர் தியேட்டருக்கு வந்து, படம் ஓடுவதைப் பார்த்து, அட்டையில் முத்திரை குத்துவார். ஊமைப்படத்துக்கு ஆபரேட்டர் அவசியமில்லை என்பது அவர் கருத்து. எனவே கணக்கு எளிது. படம் பேசினால் ஈப்போ, பேசாவிட்டால் சயாம்.

நான் சேர்ந்த சில மாதங்களில் கண்ணு செத்தது. கீறல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. புதிது அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், அமெரிக்கா அப்போது வேறு வேலையாக இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் தேடினோம். அங்கே கிடைத்தவை: எலி தின்ற திரைச்சீலை, ஒரு தமிழ்ப் படத்தின் நான்காவது ரீல் (அந்தப் படத்தை ஒரு வருஷமாக நான்காவது ரீல் இல்லாமலே காட்டிக்கொண்டிருந்தோம், யாரும் குறை சொல்லவில்லை), பிறகு ஒரு மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் தியேட்டர் திறந்த காலத்துப் பழைய போட்டோசெல். உள்சுவர் கத்தரிப்பூ நிறத்தில் மினுங்கியது. அது பொட்டாசியம். செத்துப்போனது சீசியம்.

அடிப்பாகம் பொருந்தவில்லை, கம்பி இழுத்துப் பற்றவைத்தேன். சத்தம் வந்தது. பக்கத்துத் தெருவில் பேசுவது போலக் கேட்டது, ஆனால் வார்த்தை புரிந்தது. ஆபரேட்டர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ரீல் முழுக்கக் கேட்டார். படத்தை அவர் பார்க்கவில்லை.

அன்றே ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மொத்தம் ஏழு விதிகள். கண்ணைக் கையால் தொடக்கூடாது என்பது முதலாவது. சின்ன விளக்கை முடிந்தவரை வெள்ளையாக எரிய விடவேண்டும், மின்சாரம் குறைந்து சிவந்தால் என்னிடம் சொல்லவேண்டும் என்பது இரண்டாவது. விளக்குக்கு முன்னால் இருக்கும் லென்ஸை யாரும் துடைக்கக்கூடாது, நான்தான் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன் என்பது மூன்றாவது. மற்ற நான்கும் இந்தக் கதைக்கு வேண்டாம். ஏன் என்ற காரணத்தை ஒன்றுக்கும் எழுதவில்லை. காரணம் எழுதினால் பட்டியல் நீளும், நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆபரேட்டர் தினமும் படித்தார்.

அதற்கு அடுத்த மாதச் சோதனை, புதிய கண்ணுக்கு முதல் சோதனை. இரண்டு மணிக் காட்சி. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன, சூரியன் மட்டும் பழைய நேரத்திலேயே இருந்ததால் அது உச்சி வெயில். கீழே முன்வரிசையில் அதிகாரியும் சிப்பாய்களும், பின்னால் இலவசமாகக் கொண்டுவரப்பட்ட பொதுஜனங்கள். திரையில் ஒரு தலைவர் மேடையேறி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கையை உயர்த்தினார், முஷ்டியை மடக்கினார். மௌனம்.

"சத்தம் போடு லா!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரோ நினைவூட்டியிருக்க வேண்டும், இரண்டாவது முறை கத்தவில்லை.

மேனேஜர் படியேறி ஓடி வந்தார். "என்ன ஆச்சி இது, மனுசன் கொட்டாவி விடுறாப்புல இருக்கு! அவுக மேல வாராக!"

அதிகாரி பின்னாலேயே வந்துவிட்டார். "சுவாரா மானா?" என்றார். சத்தம் எங்கே என்று மலாயில் கேட்பது. யாரும் பதில் சொல்லாததால் மேனேஜர் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு அதிகாரி ஆபரேட்டரிடம் கையை நீட்டினார். அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த ரீலைக் காட்டி அது போகட்டும் என்று தலையை ஆட்டினார், மேசைமேல் இருந்த அடுத்த ரீலைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினார். அது பேச வேண்டும். கீழே போய் உட்கார்ந்தார்.

ஒரு ரீல் என்பது பத்து நிமிஷம். நான் வரிசையாகப் பார்த்தேன். கண்ணிலிருந்து வரும் கம்பியில் விரல் வைத்தால் ஒலிபெருக்கி உறுமியது, அதில் குறையில்லை. பற்றவைத்த இடங்கள் உறுதியாக இருந்தன. சுருள் சரியான பாதையில் ஓடியது. சின்ன விளக்கு எரிந்தது. மெஷின் கதவைத் திறந்து பார்த்தேன், வெளிச்சம் கண்ணின்மேல் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஈப்போ மின்சாரத்தில் எல்லா விளக்கும் சிவப்புத்தான், வீட்டில் சோறுகூடச் சிவப்பாகத் தெரியும். சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பினேன்.

"வெளக்கைக் கூட்டிப் பாக்கவா, தங்கச்சி?"

"கூட்டுங்கண்ணே."

கூட்டினார். வெளிச்சம் இரண்டு மடங்காயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் கூட்டவா? வெடிச்சாலும் வெடிக்கட்டும்."

வேண்டாம் என்று சொன்னேன். ஏனென்றால் இதே காட்சியை நான் முன்பே பார்த்திருந்தேன். கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் பொட்டாசியக் குமிழுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்து விளக்கேற்றினோம். முள் அசையவில்லை. ஆசிரியர் பெரிய விளக்கு வைத்தார், அசையவில்லை. அதைவிடப் பெரியது வைத்தார், அறை சுட்டதே தவிர முள் தூங்கியது. பிறகு சிவப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு நீலக் கண்ணாடி வைத்து, மங்கலான சிறிய விளக்கைக் காட்டினார். முள் எழுந்து நின்றது.

ஒளி அலையாக மட்டும் இருந்தால் இப்படி நடக்க நியாயமில்லை. அலையைப் பலமாக்கினால் எலெக்ட்ரான் என்றாவது கிளம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஓர் எலெக்ட்ரானைக் கிளப்ப ஒரு பொட்டலம், அது தனியாகவே போதுமானதாக இருக்கவேண்டும். சிவப்பில் பொட்டலம் சிறியது, நீலத்தில் பெரியது. விளக்கைக் கூட்டினால் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் அளவு கூடாது. இப்போது மறுபடி கல்லூரியில் இருக்கிறேன். அணுவைப் பற்றியும் நட்சத்திர வெளிச்சத்தைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லித்தருவதெல்லாம் இந்தச் சிறு பிடிவாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அன்று எனக்கு அணுவைப் பற்றிக் கவலையில்லை. ரீலில் பாதி போயிருந்தது.

ஒரு டிக்கெட்டின் வெள்ளைப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். வெற்றிலை எச்சில் நிறம். மின்சாரம் குறைந்தால் விளக்கு இவ்வளவு சிவக்காது. அதுவும் இப்போது கூட்டி வைத்திருக்கிறோம்.

"அண்ணே, இது ஏன் இவ்வளவு சிவப்பா இருக்கு?"

"பொட்டு இருக்குல்ல, அதனால."

"என்ன பொட்டு?"

அவர் லென்ஸைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவு லென்ஸ். அதன்மேல் விளிம்பு தப்பாமல், மெல்லியதாக, அழகாக ஒரு சிவப்புப் பொட்டு காய்ந்திருந்தது.

"காலையில வீட்டுக்காரி வந்தா. மெஷினு படுத்து எழுந்திருக்கு, கண்ணேறு பட்டிருக்கும், ஆரத்தி எடுக்கணும்னா. சரி எடுன்னேன். எடுத்துட்டுப் பொட்டு வைக்க நெத்தி எதுன்னு கேட்டா. இதுக்கு ஏது நெத்தி? கண்ணுக்கு எதிர்ல இருக்குன்னு இதைக் காட்டினேன்."

"துடைச்சிருக்கலாமே அண்ணே!"

அவர் சுவரைக் காட்டினார். "மூணாவது," என்றார். "நீங்கதானே துடைக்கணும்னு போட்டிருக்கீங்க. வெளிச்சம் நல்லாத்தானே போகுது, நீங்க வந்து பாத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர் காய்ந்தால் நல்ல சிவப்புக் கண்ணாடி ஆகும். நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வழியனுப்பும். மனிதக் கண்ணுக்கு அது தாராளமான வெளிச்சம். பொட்டாசியத்துக்கு அது இருட்டு. செத்துப்போன சீசியம் உயிரோடு இருந்திருந்தால் சிவப்பையும் கண்டிருக்கும், பொட்டு மங்கலமாக அங்கேயே இருந்திருக்கலாம். பொட்டாசியத்துக்குச் சிவப்பு தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ரீல் முடிந்தது. அவர் இரண்டாவதைக் கோத்து ஓடவிட்டார். புட்டியில் மிச்சமிருந்த ஸ்பிரிட் தீர்ந்துபோய், ஊரிலும் கிடைக்காததால் கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். சத்தத் திருகு கடைசிவரை திருப்பியிருந்ததை மறந்துவிட்டேன். விளக்கும் கூட்டியே இருந்தது. தலைவர் திடீரென்று கூரை அதிரக் கர்ஜித்தார். முன்வரிசைச் சிப்பாய்கள் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து அதிகாரியும் எழுந்தார். அவர் எழுந்ததால் பொதுஜனங்கள் எல்லாரும் எழுந்தார்கள். அந்த ரீல் முழுவதையும் ஊரே நின்றுகொண்டு பார்த்தது.

ரீல் முடிந்ததும் அதிகாரி மேலே வந்தார். என் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். "டாரா?" என்றார். இரத்தமா என்று கேட்கிறார்.

"புக்கான்," இல்லை என்றேன். "குனிட்." மஞ்சள்.

மெஷினில் மஞ்சளுக்கு என்ன வேலை என்று கேட்டார். ஆபரேட்டர் வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், நடந்ததை அப்படியே சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இராணுவப் படக்கருவியின் லென்ஸில் ஒருவனுடைய மனைவி வண்ணம் பூசினாள் என்பதற்கு அவர்கள் மொழியில் நாசவேலை என்று பெயர். நான் முந்திக்கொண்டேன். ஸ்பிரிட் கிடைப்பதில்லை, எனவே லென்ஸை மஞ்சளால் சுத்தம் செய்கிறோம், இன்று சுத்தம் செய்யத் தாமதமாகிவிட்டது, தவறு என்னுடையது என்றேன்.

அவர் கைக்குட்டையை வாங்கி முகர்ந்தார். சிறு புத்தகத்தில் ஏதோ எழுதினார். அட்டையை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேனேஜர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "நல்ல வேளை ஆச்சி, மஞ்சளோட போச்சு" என்றார்.

மறுநாள் ஆபரேட்டரின் மனைவி வந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நடந்ததை இருவருக்கும் விளக்கினேன். தென்னை மரத்திலிருந்து ஒரு தேங்காயை விழவைக்க வேண்டும், நூறு பிள்ளைகள் ஆளுக்கொரு புளியங்கொட்டையை எறிந்தால் விழாது, ஆயிரம் பிள்ளைகள் எறிந்தாலும் விழாது, ஒருவன் ஒரு நல்ல கல்லை எறிந்தால் விழும், சிவப்பு வெளிச்சம் புளியங்கொட்டை என்றேன்.

"அப்ப வெளக்கைக் கூட்டக் கூட்ட நான் பிள்ளைங்களைத்தான் கூட்டியாந்திருக்கேன்," என்றார் ஆபரேட்டர்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "நான்தான் கெடுத்துட்டேனா, தங்கச்சி?"

"இல்லை அண்ணி. காரணத்தை நான் எழுதி வைக்கலை."

சற்று யோசித்தார். "ஆனா கடைசியில ஊரே எழுந்து நிக்கிற மாதிரி பேசிச்சாமே. அட்டையும் வந்திருச்சு." இன்னும் யோசித்தார். "ஆரத்தி பலிச்சிருக்கு லா."

இதை மறுக்க என்னிடம் பரிசோதனை ஏதும் இல்லை.

மாதம் முடியும் சமயத்தில் தட்டச்சு செய்த ஓர் உத்தரவு வந்தது. ஸ்பிரிட் பற்றாக்குறை காரணமாக, படக்கருவி லென்ஸ்களை உள்ளூர் முறைப்படி தினமும் மஞ்சளால் சுத்தம் செய்யவேண்டும். அந்த அதிகாரியின் பொறுப்பில் இரண்டு தியேட்டர்கள், எங்களுடையதும் காம்பாரில் ஒன்றும். இரண்டுக்கும் உத்தரவு போயிருந்தது. அடுத்த சோதனையில் மஞ்சள் பூசியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எங்கள் விஷயம் சுலபம். மெஷின் கதவில் உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி உண்டு, சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் தாராளமாகப் பூசினோம், அறையெல்லாம் மணத்தது. காம்பார்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அங்கேயும் ஓர் ஆபரேட்டர், அவரிடமும் ஓர் அட்டை. அந்தத் தியேட்டரும் எங்களுடையதைப் போலப் பழையது. அங்கே இருப்பது பொட்டாசியமாக இருந்தால், மஞ்சள் நீலத்தை விழுங்கிவிடும், படம் ஊமையாகும், நான் பார்த்தேயிராத ஒருவர் நான் சொன்ன பொய்யால் லோரி ஏறுவார். அதன் பிறகு அந்தப் பொய் எங்களிடம் திரும்பி வரும்.

"டெலிபோன் பண்ணலாமா?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"நாம பேசுறது அவுகளுக்கும் கேக்கும் ஆச்சி. நேர்ல போங்க. கேட்டா, அங்க படப்பெட்டி வாங்கப் போறேன்னு சொல்லுங்க."

சோதனைக்கு முந்திய நாள் போனேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ் கரியில் ஓடியது. மேட்டில் நாங்கள் இறங்கித் தள்ளினோம், பள்ளத்தில் அது எங்களுக்காக நின்றது. காம்பார் தியேட்டரில் மதியக் காட்சி நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே ஒரு பெண் குரல் பாடுவது கேட்டது. அப்படியும் மேலே ஏறிப் பார்த்தேன்.

அந்த ஆபரேட்டர் நரைத்த மனிதர். ஈப்போ தியேட்டரிலிருந்து வருகிறேன் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "மஞ்ச ஆர்டர் உங்க ஊர்லருந்து வந்ததாமே? நான் தினமும் காலையில அரைச்சுப் பூசுறேன். பாருங்க லா."

லென்ஸ் மாங்காய் ஊறுகாய் போல இருந்தது. கண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டுக் கதவைத் திறந்தேன். குமிழின் உள்சுவரில் கத்தரிப்பூ நிறம் இல்லை. பழுப்பு கலந்த வெள்ளி. சீசியம். சிவப்பு, மஞ்சள் எதுவானாலும் அதற்குப் போதும். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"எப்படிண்ணே, சத்தம் ஏதாவது குறைஞ்சிருக்கா?"

"குறையிறதா? மஞ்ச போட்டதுலருந்து முன்னைக்கு இப்ப நல்லா கேக்குது. நம்ம பொருளுக்கு இருக்குற சக்தி அவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

கொஞ்சம் மெல்லியதாகப் பூசினாலே போதும் என்றேன். ஆர்டரில் அளவு போடவில்லையே என்றார். அவர் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஈப்போவுக்கு வந்தபோது மாலைக் காட்சிக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டர் படியிலேயே காத்திருந்தார்.

"அங்க என்ன கண்ணு, தங்கச்சி?"

"சிவப்பு தெரியிற கண்ணுண்ணே. பேசுது."

"அவரு அட்டை?"

"அவர் பையில இருக்கு. அதிகாரி நாளைக்குக் காலையில அங்க போயிட்டுத்தான் இங்க வருவாராம்."

அவர் தலையை ஆட்டினார். சட்டைப்பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, மணி ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டு ரீலைக் கோக்கப் போனார்.